வாய் மூட வேண்டிய நேரம்

ஹார்லன்போர்ட்டுக்கு வந்து இறங்கிய கோடையில் வேரா டெக்கர் செய்த முதல் காரியம், சாமான் கட்டி வந்த அட்டைப் பெட்டிகளையெல்லாம் கொல்லையில் குவித்துத் தீ வைத்ததுதான்.

பந்தாட்டப் பயிற்சியாளர்களின் மனைவிமார் எவரும் அதைச் செய்வதில்லை. பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி, கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரோரம் சாத்தி வைப்பதே அந்தப் பெண்களின் வழக்கம். இத்தனை ஆண்டுக்கு உமக்கு வேலை என்று முதலாளி கணவனின் கையைக் குலுக்கும்போதே, அவர்களுடைய கண் கொட்டகைப் பக்கம் போய்விடும். பெட்டியை எறிந்தவள் அதே ஆண்டில் பெட்டி தேடுவாள் என்பது அவர்களுக்குள் வாய்விட்டுச் சொல்லாத அச்சம். வேராவும் ஏழு ஊர்களில் அந்த அச்சத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள். எட்டாவது ஊர் அவள் பிறந்த ஊர். ஏரிக் காற்று கந்தக வாடையோடு வீசும் ஊர். அவள் தந்தை உலையடியில் உழைத்து, இருமி, மண்ணுக்குள் போன ஊர்.

தீ மூட்டிய அன்று அவள் தம்பி மைலோ வேலிக்கு வெளியே நின்று சிரித்தான்.

"ஏன்க்கா, பெட்டி மேல அப்படி என்ன கோவம்?"

"கோவம் இல்லடா. இனிமே நான் எங்கயும் போறதா இல்ல. என்னைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா அப்பாவுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டாப் போதும்."

"மாமா ஜெயிக்கணுமே?"

"உன் மாமா ஜெயிப்பாரு. நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அந்த ஊரின் உருக்காலையை மூடியவர் பிரெஸ்காட் என்னும் செல்வர். ஆலைக் கதவுக்குப் பூட்டுப் போட்ட மறு ஆண்டே அவர் ஊரின் பந்தாட்ட அணியை விலைக்கு வாங்கினார். உலைக்காரர்கள் என்பது அணியின் பெயர். உலை இல்லாத ஊரில் உலைக்காரர்கள் என்ற பெயர் மட்டும் விளம்பரப் பலகையில் ஒளிர்ந்தது. அவரால் வேலை இழந்தவர்கள் அவர் விற்ற சட்டையை அணிந்து, அவர் கட்டிய அரங்கில் பனியில் உட்கார்ந்து, அவர் கையசைத்தபோது எழுந்து நின்று கை தட்டினார்கள். அடுப்பை அணைத்தவனைக் கேள்வி கேட்க அந்த ஊரில் ஒரு நாவும் எழவில்லை. பந்தை நழுவவிட்ட இளைஞனைப் பழிக்கவோ அரங்கம் முழுவதும் எழுந்தது.

அந்த இளைஞன் ஆமோஸ் பிரெவிட். மிசிசிப்பிப் பருத்தி நிலத்திலிருந்து வந்த கறுப்பு இளைஞன். கல்லூரி ஆட்டம் முடித்து அப்போதுதான் வெளியே வந்தவன். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வசந்த காலத்து நாளில் அணியின் பயிற்சியாளரான, வேராவின் கணவர் ரோலண்ட் டெக்கர் முதல் ஆளாக அவன் பெயரைச் சொன்னார். அதோடு நின்றிருந்தால் ஊர் பொறுத்திருக்கும். பருவம் தொடங்கியதும், பத்தாண்டாக அந்த இடத்தில் ஆடிய சபோவை உட்கார வைத்துவிட்டு, அவனையே குவார்ட்டர்பேக்காகக் களத்தில் நிறுத்தினார். சபோ ஊர்க்காரர், ஆலைத் தொழிலாளியின் மகன், முழங்கால் இரண்டும் தேய்ந்தவர். ஆனால் ஊர் தேய்மானத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தது.

களத்தில் பதினொருவர் நின்றாலும் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று இரண்டு மூச்சுக்குள் தீர்மானிப்பவன் குவார்ட்டர்பேக் ஒருவனே. வென்றால் அவன் வென்றான் என்பார்கள். தோற்றால் அவன் தோற்றான் என்பார்கள். அக்டோபர் பிறந்தபோது ஆமோஸ் ஓர் ஆட்டம் வென்று ஐந்து தோற்றிருந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் மைலோவின் மதுக்கடையில் மீன் வறுவல். ஏரியில் பிடித்த மஞ்சள் பெர்ச்சு மீனை மாவில் தோய்த்துப் பெரிய இரும்புச் சட்டியில் பொரித்து, முட்டைக்கோசும் ரை தானிய ரொட்டியும் கூட வைத்துக் கொடுப்பார்கள். மைலோவின் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்ததால் வேரா அடுக்களையில் நின்றாள். அவள் கைகள் முழங்கை வரை மாவாக இருந்தன. அடுக்களைக்கும் கடைக்கும் இடையே தட்டு நீட்டுவதற்கென்று ஒரு சன்னல். அதன் வழியே மீன் வெளியே போகும். பேச்சு உள்ளே வரும்.

முதலில் வந்தது கிழட்டுச் சைமனின் குரல். அவர் முப்பது ஆண்டு உலை முன் நின்றவர். கண் இமை முடி கருகிப்போய் மீண்டும் முளைக்காதவர்.

"ஏம்மா வேரா, மீனைத் திருப்பிப் போடத் தெரிஞ்ச உனக்கு, ஆளைத் திருப்பிப் போடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லத் தெரியலையா?"

கடை முழுவதும் சிரித்தது. வேரா கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னாள்.

"வெந்த பிறகுதான் மீனைத் திருப்புவேன் சைமன். பாதியில திருப்பினா உடைஞ்சு போகும். அப்புறம் முள்ளு குத்துதுன்னு நீதான் கத்துவே."

"அடேங்கப்பா! கோச்சு பொண்டாட்டியா கொக்கா!" என்று லாரி ஓட்டும் வால்டர் மேசையைத் தட்டினான். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்தப் பொடியன் ஓடுறான். முயல் மாதிரி ஓடுறான். எறியறான், சும்மா சொல்லக் கூடாது, கல்லு மாதிரி எறியறான். ஆனா அந்த இடத்துக்கு மூளை வேணுமில்ல?"

"ஆமாமா, மூளை வேணும்" என்றது கடை.

மாட அலமாரியில் இருந்த வானொலியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஆதங்கத்தைக் கொட்டும் நிகழ்ச்சி அது. அந்தப் பொடியன் நல்லவன்தான் என்றார் ஒருவர். எங்களுக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை என்றார் இன்னொருவர். படிக்க வேண்டிய இடத்தில் ஓடத் தெரிந்தவனை நிறுத்தினால் எப்படி என்றார் மூன்றாமவர். தோல் என்று சொல்ல நாணியவர்கள் மூளை என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேச்சிலும் ஒருவர் வாயிலிருந்தும் அவன் பெயர் வரவில்லை.

"சபோவும் முதல் வருஷம் இப்படித்தான் தோத்தான்" என்றாள் வேரா. "அப்பா ரேடியோவைத் தூக்கித் தெருவுல எறிஞ்சாரு. ஞாபகம் இருக்கா மைலோ?"

மைலோ பீர்க் குழாயின் அடியில் குவளையைச் சாய்த்துப் பிடித்திருந்தான்.

"அது வேறக்கா."

"என்ன வேற?"

"வேறன்னா வேறதான். சபோ நம்ம பையன்."

"இவன்?"

குவளை நிறைந்து நுரை வழிந்தது. மைலோ துணியை எடுத்துத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"மீன் கருகுதுக்கா" என்றான்.

மீன் கருகவில்லை. அவள் பார்த்தாள், பொன்னிறமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாலைகளில் ஆமோஸ் டெக்கர் வீட்டுக்கு வருவான். கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ரோலண்ட் முந்தின நாள் ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டுவார். விழுந்ததையும் தவறியதையும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பத் திரும்ப இருவரும் பார்ப்பார்கள். பிறகு சாப்பாடு. வேரா உருளைக்கிழங்கு மசியலை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயிலும் வெங்காயத்திலும் புரட்டி எடுத்த பிரோகி வைப்பாள். ஆமோஸ் கோட்டுப் பையிலிருந்து சின்னஞ்சிறு மிளகாய்ச் சாற்றுப் புட்டியை எடுத்து அதன்மேல் சிவக்கச் சிவக்க ஊற்றிக்கொள்வான்.

"என் சமையல்ல உப்பு உறைப்பு இல்லன்னு வெளிப்படையாச் சொல்லிடேன் ஆமோஸ்."

"ஐயோ, இல்லம்மா! பனியைப் பாத்தாலே எனக்கு நாக்கு செத்துடுது. நாக்கை எழுப்பத்தான் இது. எங்க அம்மா காபியில மட்டும்தான் இதை ஊத்த மாட்டாங்க."

ரோலண்ட் சிரித்தார். அவர் சிரித்து வேரா பார்த்துப் பல நாள் ஆயிற்று.

அந்தத் திங்கட்கிழமை ஆமோஸ் தட்டைக் காலி செய்யவில்லை. முள்கரண்டியால் ஒரு பிரோகியை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, நிமிராமலே சொன்னான்.

"கோச், ஞாயித்துக்கிழமை சபோவை இறக்குங்க. நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

"யார் உன்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. பேப்பர் படிக்கிறேன். உங்க வேலைக்கே ஆபத்துன்னு எழுதியிருக்கான்."

"உன் வேலை பேப்பர் படிக்கிறது இல்ல. எதிர்ல நிக்கிறவன் எந்தக் காலை முன்னால வெச்சிருக்கான்னு படிக்கிறது. அதை இந்த ஊர்ல உன்னைவிட வேகமாப் படிக்கிறவன் ஒருத்தனும் இல்ல. சாப்பிடு."

ஆமோஸ் சாப்பிட்டான். போகும்போது தட்டைத் தானே கழுவி வைத்தான். மிளகாய்ப் புட்டியை மேசையிலேயே விட்டுப் போனான். மறதியா, அடுத்த திங்கட்கிழமையும் வருவேன் என்ற நம்பிக்கையா என்று வேராவுக்குத் தெரியவில்லை.

அவன் கார் போன சத்தம் அடங்கியபின் ரோலண்ட் சொன்னார்: "பிரெஸ்காட் கூப்பிட்டிருந்தார்."

"என்னவாம்?"

"இந்த வாரம் சபோ ஆடணுமாம். இல்லேன்னா பருவம் முடிஞ்சதும் நான் வேற ஊர் பாத்துக்கணுமாம்."

வேரா நாற்காலியில் உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே கொல்லை தெரிந்தது. பெட்டிகளை எரித்த இடத்தில் புல் இன்னும் முளைக்கவில்லை.

"ரோலண்ட், ஒரே ஒரு ஆட்டம். சபோவை இறக்கிட்டு அப்புறம் பையனைத் திரும்பக் கொண்டுவரலாம்ல?"

"திரும்பி வர்றவன் இந்தப் பையனா இருக்க மாட்டான். ஒரு தடவை கீழ உக்கார வெச்சுட்டா, அடுத்த தடவை பந்தைக் கையில வாங்கினதும் எதிராளியைப் பாக்க மாட்டான். ஓரத்துல நிக்கிற என் மூஞ்சியைப் பாப்பான்."

"உங்க பின்னால எட்டு ஊர் வந்திருக்கேன். ஒரு தடவையாவது ஏன்னு கேட்டிருக்கேனா? இப்பக் கேக்கறேன். இது என் ஊரு ரோலண்ட்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவன் தோத்திருந்தா சபோவை இறக்கியிருப்பேன் வேரா. அவன் தோக்கல. முன்னால நின்னு தடுக்க வேண்டியவன் தடுக்கல, பிடிக்க வேண்டியவன் பிடிக்கல. அத்தனை பேர் தப்பையும் ஒருத்தன் தலையில கட்டணும். கட்டறதுக்குத் தோதா ஒரு தலை இருக்குன்னு கட்டணும். அப்படி சம்பாதிச்ச சோத்தை உன் கையால எனக்குப் போடுவியா?"

 சைமன் மதுக்கடையில் சொன்னதையே தன் அடுப்படியில் தானும் சொல்லியிருக்கிறோம் என்ற உணர்வு வேராவைச் சுட்டது. சைமனுக்காவது சாராயம் ஒரு சாக்கு. அவளுக்குக் கொல்லையில் கருகிய ஒரு வட்டம்தான் சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆமோஸ் ஆடினான். வென்றான். அடுத்த வாரமும் வென்றான். தடுக்க வேண்டியவர்கள் தடுக்கத் தொடங்கினார்கள். இடக்கோடியில் நிற்கும் மலை போன்ற ஓட்டோ, ஆமோஸின் முதுகுப்புறத்தைத் தன் குழந்தையின் தொட்டிலைப் போலக் காத்தான். நவம்பர் முழுவதும் உலைக்காரர்கள் தோற்கவில்லை. இறுதிச் சுற்றுக்குள் நுழைய ஓர் ஆட்டமே மிச்சம் என்று டிசம்பர் வந்தபோது, ஊரின் நாக்கு புரண்டு படுத்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சைமன், மீன் தட்டை வாங்கிக்கொண்டே.

"என்ன சொன்னே? ஆளைத் திருப்பிப் போடுன்னு சொன்னே" என்றாள் வேரா.

"அது உன்னைச் சீண்டறதுக்கும்மா! உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும், நம்ம பொடியன் தேறிடுவான்னு."

"ஓ, இப்ப நம்ம பொடியனா?"

"பின்ன? நம்ம சட்டைதானே போட்டிருக்கான்!"

வால்டர் தன் லாரியின் முகப்பில் ஆமோஸின் எண்ணைச் சிவப்புச் சாயத்தால் எழுதியிருந்தான். மைலோ கல்லாவின் மேல் தொங்கிய சபோவின் படத்தை நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தான். பிரெஸ்காட் செய்தியாளர்களிடம், தொடக்கத்திலிருந்தே தாம் அந்த இளைஞனை நம்பியதாகச் சொன்னார். ரோலண்ட் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, தாளை மடித்து, ஆடிய மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்.

வேரா நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த வசந்தத்துக்கென்று கொல்லையில் நட ரோசாச் செடிகளுக்குக் கடைக்காரனிடம் சொல்லியும் வைத்தாள்.

கடைசி ஆட்டத்தன்று ஏரியின் மேலிருந்து பனி கிடையாக வந்தது. பயிற்சியாளரின் மனைவிக்குக் கண்ணாடி அறையில் இடம் உண்டு. வேரா அங்கே போவதில்லை. திறந்த வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில், போர்வையை முழங்காலுக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் சைமனும் வால்டரும் இருந்தார்கள்.

அந்த அரங்குக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் தாளிலும் எழுதப்படாதது. எதிரணி பந்தை வைத்திருக்கும்போது உலைபோல் முழங்க வேண்டும். அவர்களுடைய குவார்ட்டர்பேக்கின் குரல் அவனுடைய ஆட்களுக்கே கேட்கக் கூடாது. நம் கையில் பந்து இருக்கும்போது வாய் மூட வேண்டும். நம்மவன் எதிரே நிற்பவர்களைப் படித்து, கடைசி நொடியில் திட்டத்தை மாற்றிக் குரல் கொடுப்பான். குனிந்து நிற்கும் தடுப்பாளர்களுக்கு அந்த நேரத்தில் கண் பயன்படாது, காதுதான் எல்லாம். ஹார்லன்போர்ட்டின் குழந்தைகள் தேவாலயத்தில் வாய் மூடப் பழகுமுன் இந்த அரங்கில் வாய் மூடப் பழகின. சைமனே பக்கத்து இருக்கைக்காரர்களைத் தலையில் தட்டி அடக்கியவர்.

ஆட்டம் முடியும் தறுவாயில் உலைக்காரர்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து ஆமோஸின் கையில். அவன் எறிந்தான், பிடித்தார்கள். மறுபடி எறிந்தான், பிடித்தார்கள். பந்தோடு தாண்டினால் வெற்றி தரும் எதிரணியின் எல்லைக்கோடு இன்னும் கூப்பிடு தூரம்தான். அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பனி போர்வையில் விழுவதுகூடக் கேட்டது.

மைலோவின் கண்களில் நீர் வழிந்தது. குளிரா, குடியா, வேறெதுவுமா என்று வேரா திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பையனை நான் என்னென்னவோ பேசிட்டேன்."

"அப்புறமா அழுவு. இப்ப சும்மா இரு."

"இல்லக்கா. அவனுக்குத் தெரியணும். இந்த ஊரு அவனை ஏத்துக்கிச்சுன்னு அவனுக்குத் தெரியணும்."

அவன் எழுந்தான். இரு கையையும் வாயருகே குவித்தான்.

"ஆ... மோஸ்!"

"டேய், உக்காருடா! பந்து நம்ம கையிலடா!"

"ஒரு தடவைக்கா! ஆ... மோஸ்!"

வேரா அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் வால்டர் எழுந்துவிட்டான். சைமன், தலையில் தட்டி அடக்கிய அதே சைமன், தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார். வரிசைக்கு வரிசை எழுந்தது. பருவம் முழுவதும் பொடியன் என்று மட்டுமே அழைத்த அந்த ஊர், முதல்முறையாக அவன் பெயரைச் சொன்னது. எழுபதாயிரம் தொண்டைகளால் சொன்னது. நன்றியால் சொன்னதா? குற்ற உணர்வால் சொன்னதா? எதனால் சொன்னாலும் ஓசை ஒன்றுதான். அந்த ஓசைக்கு முன்னால் ஒற்றைக் குரல் என்ன செய்யும்?

ஆமோஸ் ஓரடி பின்வாங்கினான். இரு உள்ளங்கைகளையும் தரையை நோக்கித் தாழ்த்தி, தாழ்த்தி, அமைதி கேட்டான். அரங்கம் அதைப் பார்த்தது. பார்த்து, அவனுக்குக் கையசைத்தது.

மறுபடி அவன் குனிந்து நின்றபோது, எதிரணியின் தாக்குபவன் ஒருவன் இடப்புறமாக நகர்ந்து வருவதைப் படித்துவிட்டான். மிகச் சரியாகப் படித்தான். திட்டத்தை மாற்றிக் கத்தினான். அவன் கழுத்து நரம்பு புடைப்பது வேராவுக்கு அத்தனை தொலைவிலும் தெரிந்தது. பந்தை எடுத்துக் கொடுப்பவன் காதருகில் இருந்ததால் கேட்டான். கோடியில் நின்ற ஓட்டோவுக்குக் கேட்கவில்லை. ஓட்டோ பழைய திட்டத்தின்படி உட்புறம் பாய்ந்தான். அவன் காத்த வழி, கதவு கழன்ற வீடுபோலத் திறந்து கிடந்தது.

எறிவதற்காக ஆமோஸ் இடக்காலை ஊன்றியிருந்தான். தாக்கியவனின் தோள் அந்தக் காலின் மேல் விழுந்தது.

அரங்கம் வாய் மூடியது.

அவனைத் தூக்கிச் சென்ற பிறகு சபோ களமிறங்கினார். அரங்கம் ஒழுங்காக, முறைப்படி, ஓர் இருமலும் இல்லாமல் அவருக்காக அமைதி காத்தது. சபோ எறிந்த பந்து பனியில் விழுந்தது. அணி தோற்றது.

தோல்விக்கு ஓர் ஆள் வேண்டும். முதலில் ஓட்டோ அகப்பட்டான். எனக்குக் கேட்கவில்லை என்று அவன் சொன்னபோது வானொலி சிரித்தது. அவன் வீட்டுச் சன்னலில் கல் விழுந்தது. பிறகு பிரெஸ்காட் செய்தியாளர்களை அழைத்தார். பழுக்காத இளைஞனை டெக்கர் அவசரப்பட்டுக் களத்தில் தள்ளினார் என்றும், நிர்வாகத்துக்கு அதில் என்றும் உடன்பாடு இருந்ததில்லை என்றும் வருத்தத்தோடு தெரிவித்தார். ஊர் தலையசைத்தது. சபோவை இறக்கியிருந்தால் பையனின் காலாவது பிழைத்திருக்கும் என்று வானொலியில் பரிவோடு பேசினார்கள். கோச்சுக்குத்தான் மூளை இல்லை என்றார் ஒருவர். ஆரவாரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேரா மருத்துவமனைக்குப் பிரோகி கொண்டுபோனாள்; மிளகாய்ப் புட்டியையும் மறக்காமல் எடுத்துப்போனாள். ஆமோஸின் கால் கட்டோடு கப்பியில் தொங்கியது. நடக்கலாம், ஓட முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கோச் எப்படி இருக்காரும்மா?"

"கொல்லையில பனி வழிச்சுட்டிருக்கார். போகப் போற வீட்டுல எதுக்குப் பனி வழிக்கிறீங்கன்னு கேட்டேன். வழிச்சுட்டே இருக்கார்."

ஆமோஸ் புட்டியைக் கையில் வாங்கினான். திறக்கவில்லை.

"கையைக் காட்டினேன்மா. ரெண்டு கையையும் காட்டினேன். பாத்தாங்க. எனக்குத் தெரியும், பாத்தாங்க."

"ஆமாப்பா. பாத்தாங்க."

"இந்த ஊர்ல என் பேரை யாருமே சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னாங்க." அவன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கேக்க நல்லா இருந்துச்சும்மா. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது."

வேரா அவன் போர்வையைச் சரி செய்தாள். முதலில் கத்தியவன் என் தம்பிதான் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் அவள் மைலோவின் கடைக்குப் போனாள். அடுக்களைக் கதவு வழியாக அல்ல. வாடிக்கையாளர்கள் வரும் வாசல் வழியாக. எண்ணெய்ச் சட்டி பொரிந்துகொண்டிருந்தது. சைமனும் வால்டரும் தத்தம் இருக்கைகளில் இருந்தார்கள். கல்லாவின் மேல் மைலோ அடித்து வைத்திருந்த ஆணியில் இப்போது ஆமோஸின் படம் தொங்கியது. கீழே தங்க எழுத்தில் 'எங்கள் ஆமோஸ்' என்று எழுதியிருந்தது.

"வாக்கா" என்றான் மைலோ. "மீன் எடுத்து வைக்கட்டா?"

"மீன் வேண்டாம். காலிப் பெட்டி இருக்கா?"

"பெட்டியா?"

"அட்டைப் பெட்டி. பீர்ப் பெட்டியா இருந்தாலும் சரி, சாராயப் பெட்டியா இருந்தாலும் சரி. பாத்திரம் கட்டணும். என் பெட்டியைத்தான் நான் கொளுத்திட்டேனே, நீயும் பாத்தியே."

யாரோ வானொலியை நிறுத்தினார்கள். வால்டர் தன் தட்டைப் பார்த்தான். சைமன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மைலோ பின்கட்டுக்குப் போய், பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மார்போடு அணைத்துத் தூக்கிவந்தான். கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, நான் ஆசையிலதான்..."

"தெரியும்டா. ஆசையிலதான் கத்தினே."

"மாமாகிட்ட சொல்லு..."

"நீயே வந்து சொல்லு. பனி வழிச்சுட்டிருக்கார். கேக்கும். அங்க சத்தம் ஒண்ணும் இல்ல."

அவள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கடை அப்படியே உறைந்திருந்தது. நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளோடு பள்ளியில் படித்த முகங்கள். அவள் தந்தையின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த முகங்கள்.

"எவ்வளவு அழகா வாயை மூடறீங்க" என்றாள். "தெரியாதுன்னுகூடச் சொல்ல முடியாது. நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."



வெளியே ஏரிக் காற்று பெட்டிகளைப் பிடுங்கப் பார்த்தது. அவள் தாடையால் அழுத்திக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். கடைசிப் பெட்டியை வைத்தபோது, கடையில் வானொலியை மறுபடி போடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மேசையைத் தட்டும் சத்தம். அப்புறம் சைமனின் குரல், சுவரைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"சரி, அதை விடுங்கப்பா. அடுத்த வருஷம் எந்தப் பொடியனை இறக்கப் போறானுங்க?"